ஸ்பானிய மொழிப் படிப்பும் நம் பிள்ளைகளும்

(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்கும் பெற்றோர்களுக்கும் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிற்குரிய பெரியவர்களே, பெற்றோர்களே, அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் அன்பு மாணவ மாணவியரே!

மருத்துவம், பொறியியல், வணிகவியல் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் இன்று நாங்கள் அதிகம் பேசப்படாத ஒரு படிப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியையும், அந்த மொழி பேசும் மக்களின் வரலாற்றையும் இலக்கியத்தையும் பட்டப் படிப்பாகப் படிப்பது.

"ஸ்பானிஷா? அதைப் படித்து என்ன செய்வது?" என்று பல வாப்பாமார்கள் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. மூன்று ஆண்டுக் காலம், வெளியூர் விடுதிச் செலவு, அதிலும் பெண் பிள்ளை என்றால் கூடுதல் கவலை. ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு பிள்ளையின் இளமையும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே இந்தப் படிப்பைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, நம் பிள்ளைகளுக்கு அதில் தனியாக என்ன உரிமை இருக்கிறது என்பதைச் சொல்கிறோம். முடிவு உங்களுடையது.

எவ்வளவு பெரிய மொழி?

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஏறக்குறைய 50 கோடிப் பேர். ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு, சிலி, கியூபா என 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. ஆப்பிரிக்காவிலுள்ள ஈக்குவடோரியல் கினியாவும் அதில் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் வீடுகளில் இந்த மொழியைப் பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் அரபியும் ஒன்று, ஸ்பானிய மொழியும் ஒன்று. இந்த இரண்டையும் ஆங்கிலத்தையும் சேர்த்து அறிந்த ஒருவருக்கு அந்த ஆறில் மூன்று கைவசம் இருக்கும்.

படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

மொழிப் பட்டம் என்றால் மூன்று ஆண்டும் பேசப் பழகுவது என்று பலர் நினைக்கிறார்கள். பேசவும் எழுதவும் பழகுவது முதல் படி மட்டுமே. நம் நாட்டில் இந்தப் பட்டப் படிப்பில் சேர ஸ்பானிய மொழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்து, உச்சரிப்பு, எண்கள் என்று அடியிலிருந்தே தொடங்குகிறார்கள். போகப் போக இலக்கணம், கட்டுரை, மொழிபெயர்ப்பு. அதோடு ஸ்பெயினின் வரலாறு, லத்தீன் அமெரிக்க நாடுகளின் வரலாறு, நாவல், கவிதை, நாடகம் எல்லாம் வரும். மேற்பட்டப் படிப்பில் பழைய ஏடுகள், மொழியியல், மொழிபெயர்ப்புக் கலை என்று பிரிந்து போகலாம்.

மொழி கடினமா என்று கேட்பீர்கள். தமிழ்ப் பிள்ளைக்குச் சில இடங்களில் எளிது. நாம் "வந்தேன்" என்று சொன்னாலே வந்தது யார் என்று தெரியும். "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிய மொழியிலும் வினைச்சொல்லின் கடைசியிலேயே ஆள் தெரிந்துவிடும். நமக்கு "நீ", "நீங்கள்" இருப்பதுபோல அங்கே "தூ", "உஸ்தெத்" என்று இரண்டு உண்டு. எழுத்தைப் பார்த்தால் அப்படியே வாசிக்கலாம், ஆங்கிலம்போல் ஏமாற்றாது. "பெரோ" என்றால் "ஆனால்"; அதே சொல்லில் ரகரத்தை அழுத்தி உருட்டினால் "நாய்" என்று பொருள். இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய சங்கடம் இல்லை.

மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. "கலீஃபா" என்ற சொல்லின் முதல் எழுத்தை அரபியில் எப்படித் தொண்டையிலிருந்து ஓத வேண்டும் என்று உஸ்தாத் திருத்தித் திருத்திச் சொல்லித் தந்தாரே, ஏறக்குறைய அதே ஒலி ஸ்பானிய மொழியில் அடிக்கடி வரும். "ஹதீஸ்" என்ற சொல்லின் கடைசி எழுத்தை நாக்கு நுனியைப் பல்லில் தொட்டு ஓதுகிறோமே, அந்த ஒலி ஸ்பெயின் நாட்டு உச்சரிப்பில் இருக்கிறது. பெயர்ச்சொற்களில் முதக்கர், முஅன்னஸ் என்று ஆண்பால், பெண்பால் பிரிப்பதும் அங்கே உண்டு. முதல் ஆண்டில் மற்ற மாணவர்கள் தடுமாறும் இடத்தில் நம் பிள்ளை தடுமாறாது.

கடினமான இடங்களும் இருக்கின்றன. "இருக்கிறது" என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். எதை எங்கே போடுவது என்பது பிடிபட மாதக்கணக்கில் ஆகும். விருப்பம், ஐயம், வேண்டுதல் ஆகியவற்றைச் சொல்லத் தனி வினை வடிவங்கள் உள்ளன. அவற்றைப் பயிற்சியால் மட்டுமே பிடிக்க முடியும். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கும் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இந்தப் படிப்பு சரிப்படாது.

சொற்களில் இருக்கும் உறவு

ஸ்பானிய மொழியில் அரபியிலிருந்து வந்த சொற்கள், அவற்றின் கிளைச் சொற்களையும் சேர்த்து, ஏறத்தாழ 4000 என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். எண்ணெய்க்கு "அசெய்தே", அரபியில் அஸ்ஸைத். சர்க்கரைக்கு "அசூகர்", அரபியில் அஸ்ஸுக்கர். பருத்திக்கு "அல்கொதோன்", அரபியில் அல்குத்ன். தலையணைக்கு "அல்மொஹாதா". நகரத் தலைவருக்கு "அல்கால்தே"; அது நம் "அல்காழி"தான். சுங்கச் சாவடிக்கு "அதுவானா", அது "அத்தீவான்". வாய்க்காலுக்கு "அசெக்கியா", அது "அஸ்ஸாக்கியா". நல்லது நடக்கட்டும் என்று ஆசைப்படும்போது ஒரு ஸ்பானியர் "ஒஹலா" என்பார். அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் அது.

வசூல், பாக்கி, ஜாமீன், வக்கீல், வாரிசு, அசல், நகல் என்று நம் தமிழிலும் அரபிச் சொற்கள் கலந்திருக்கின்றன. எந்தச் சொல் எந்தத் துறையில் வந்து உட்கார்ந்தது என்று பார்த்தால், எந்த மக்கள் எந்த வேலையில் சிறந்திருந்தார்கள் என்பது தெரியும். ஸ்பெயினில் நீர்ப்பாசனம், கட்டடம், வரி, துணி, தோல் ஆகிய துறைகளில் அரபிச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. அந்தத் தொழில்களைச் செய்த கைகளைச் சொற்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன.

ஆரஞ்சுப் பழத்துக்கு ஸ்பானிய மொழியில் "நரன்ஹா". அது அரபியின் "நாரன்ஜ்" என்பதிலிருந்து வந்தது. அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் வடமொழி. அதற்கு மூலம் நம் தென்னாட்டு மொழிகளில் இருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியிலிருக்கும் நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதைகளும் இப்படித்தான் பயணம் செய்தன. இந்தியாவின் பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து இப்னுல் முகஃப்பஃ என்பவரால் அரபியில் "கலீலா வ திம்னா" ஆனது. அந்த அரபி நூல் 1251-ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. ஸ்பானிய உரைநடைக் கதைகளின் தொடக்க நூல்களில் ஒன்றாக மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நரியும் சிங்கமும் காளையும் வரும் அந்தக் கதை நம் நாட்டுப் பாட்டிமார்களுக்கும் தெரிந்த கதை.

ஒரு மொழியை இழந்த மக்கள்

இனி வரலாற்றுப் பாடத்துக்கு வருவோம். 711-இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்து போய் இறங்கிய மலைக்கு ஜபல் தாரிக் என்று பெயர் வந்தது. அதுவே ஜிப்ரால்டர் ஆனது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அந்த நிலத்தில் முஸ்லிம் ஆட்சி ஏதோ ஒரு பகுதியில் இருந்தது. அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து ஆகியோர் குர்துபா மண்ணைச் சேர்ந்தவர்கள். இதையெல்லாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால் படிப்பு தேவையில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது.

1492 ஜனவரி 2 அன்று கிரானாடா நகரம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை அச்சில் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் கொலம்பஸும் கடலில் புறப்பட்டார். இந்தியாவை நோக்கிப் போகிறோம் என்று நம்பிய அவர், அரபியும் ஓரளவு அறிந்த லூயிஸ் தெ தோர்ரெஸ் என்பவரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போனார். கிழக்கு நாடுகளில் பேச அரபி உதவும் என்பது அவர்கள் கணக்கு.

கிரானாடா ஒப்பந்தத்தில் முஸ்லிம்களுக்கு வழிபாட்டு உரிமை வாக்களிக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுகளில் அது மீறப்பட்டது. ஒன்று மதம் மாறுங்கள், அல்லது நாட்டை விட்டுப் போங்கள் என்று 1502-இல் ஆணை வந்தது. மாறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் "மொரிஸ்கோ" என்று அழைக்கப்பட்டார்கள். 1567-இல் இன்னொரு ஆணை: மூன்று ஆண்டுகளுக்குள் எல்லோரும் ஸ்பானிய மொழி கற்க வேண்டும்; அதன் பிறகு வீட்டிலும் வெளியிலும் அரபி பேசவோ எழுதவோ கூடாது.

அப்போது கிரானாடாவில் பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற முதியவர் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். மொழியும் உடையும் வேறு, மதம் வேறு என்பது அவர் வாதம். கிழக்கு நாடுகளிலும் மால்டாவிலும் கிறிஸ்தவர்களே அரபி பேசுகிறார்களே என்று எடுத்துக்காட்டினார். முதியவர்களும் கிராமத்து மக்களும் மூன்று ஆண்டில் எப்படிப் புது மொழி கற்பார்கள் என்று கேட்டார். அதிகாரிகள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மறு ஆண்டே கலகம் மூண்டது. ஆனால் அந்த விண்ணப்பம் அழியவில்லை. அவர் அதை ஸ்பானிய மொழியில், ஆட்சியாளர்களின் சட்ட நடையிலேயே எழுதினார். அதனால் அது ஆவணமாக நின்று, இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் வாசிக்கப்படுகிறது. பெரும்பான்மை மொழியை நன்றாகக் கற்பது நம் குரலைப் பதிவு செய்வதற்கும் ஒரு வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வடக்கே அரகோன் பகுதியில் நிலைமை வேறு. அங்கிருந்த முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகவே அரபிப் பேச்சை மறந்து ஸ்பானியப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தொழுகை முறை, நபிமார் வரலாறு, சட்டம், மருந்து, துஆ எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். என்ன செய்தார்கள்? மொழி ஸ்பானியம், எழுத்து அரபி என்று எழுதினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்கு வழி கண்டார்கள். பகரத்துக்கு அரபி "பா" எழுத்தின்மேல் ஷத்து போட்டார்கள். இப்படி எழுதப்பட்ட நூல்களுக்கு "அல்ஹமியாதோ" என்று பெயர். அரபி அல்லாதது என்று பொருள்படும் "அஜமிய்யா" என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. யூசுப் நபி அவர்களின் வரலாற்றை ஸ்பானியச் செய்யுளாகப் பாடி அரபி எழுத்தில் எழுதிய நூலும் அவற்றில் ஒன்று.

இந்த நூல்களை வைத்திருப்பதே ஆபத்து. விசாரணை மன்றத்தார் கண்டால் வீடு போகும், உயிரும் போகலாம். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். புறப்படும் முன் சிலர் தங்கள் நூல்களை ஒளித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம்.

1884-ஆம் ஆண்டு, சரகோசா மாவட்டத்தில் அல்மொனசித் தெ லா சியெர்ரா என்ற சிற்றூரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, தரைக்கும் அதன்மேல் போட்ட போலித் தரைக்கும் இடையில் கட்டுக் கட்டாக ஏடுகள் கிடைத்தன. 270 ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடந்தவை. என்னவென்று தெரியாமல் சில அழிக்கப்பட்டன. பாப்லோ ஹில் என்ற பேராசிரியர் போன்றோரின் முயற்சியால் பல காப்பாற்றப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி இப்போது மாட்ரிட் நகர ஆய்வு நூலகத்தில் இருக்கிறது.

அந்த ஏடுகளை அரபி மட்டும் தெரிந்தவர் எழுத்துக்கூட்டலாம், பொருள் புரியாது. ஸ்பானியம் மட்டும் தெரிந்தவர் வாயால் சொல்லக் கேட்டால் புரிந்துகொள்வார், ஏட்டை வாசிக்க முடியாது. இரண்டும் தெரிந்தவரே வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகில் அதிகம் இல்லை.

இது நமக்குத் தெரிந்த கதைதான்

இதைக் கேட்கும்போது பெரியவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அரபுத்தமிழ்! மொழி தமிழ், எழுத்து அரபி. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியோர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்தில் நூல்கள் எழுதினார்கள். தமிழ் எழுத்து கற்க வாய்ப்பில்லாத பல பெண்மணிகள், ஓதப் பழகிய அரபி எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டமும் மாலைகளும் வாசித்தார்கள். யூசுப் நபி அவர்களின் கிஸ்ஸா தமிழிலும் உண்டு. ஒன்றையொன்று அறியாத இரண்டு கடற்கரைகளில், ஒரே தேவைக்கு ஒரே வழியை இரண்டு மக்களும் கண்டிருக்கிறார்கள்.

ஸ்பெயினில் நூலை ஒளித்தது அச்சத்தால். நம் ஊர்களில் அந்த நிலை இல்லை. தமிழ் எழுத்தும் அச்சும் பள்ளிக்கூடமும் பரவியதால் அரபுத்தமிழ் மெல்லப் புழக்கத்திலிருந்து விலகியது. ஆனால் முடிவு ஒன்றுதான்: வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு ஸ்பானிய மொழி மாணவர் அல்ஹமியாதோ ஏடுகளை எப்படிப் படி எடுப்பது, எழுத்தை எப்படி ஒப்பிடுவது, காலத்தை எப்படிக் கணிப்பது என்று முறையாகக் கற்கிறார். அதே பயிற்சியோடு நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அரபுத்தமிழ் நூலை எடுத்தால், அதற்கும் வாசல் திறக்கும். இரண்டு மரபுகளையும் பக்கத்தில் வைத்து ஆராய உலகிலேயே பொருத்தமானவர்கள் தமிழும் அரபி எழுத்தும் தெரிந்த நம் பிள்ளைகள்தான். குறைவது ஸ்பானிய மொழி ஒன்றுதான். அதைத்தான் பல்கலைக்கழகம் கற்றுத் தருகிறது.

அரபி எழுத்தில் கிடந்த ஏடு ஸ்பானிய இலக்கியத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஸ்பானிய மொழியின் மிகப் பெரிய நாவல் செர்வாந்தெஸ் எழுதிய "தோன் கிஹோத்தே". 1605-இலும் 1615-இலும் இரண்டு பாகமாக வந்தது. செர்வாந்தெஸ் அல்ஜீரியாவில் ஐந்து ஆண்டுகள் கைதியாக இருந்தவர். தன் கதை சீதெ ஹமெத்தெ என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதியது என்றும், தொலேதோ நகரச் சந்தையில் அரபி எழுத்து ஏடுகளாகத் தனக்குக் கிடைத்தது என்றும் கற்பனையாக எழுதுகிறார். மொழிபெயர்க்க ஒரு மொரிஸ்கோவை அமர்த்திக் கூலியாக உலர்திராட்சையும் கோதுமையும் கொடுத்தாராம். ஒரு நாடு அந்த மக்களைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், அதன் தலைசிறந்த நூல் அவர்களில் ஒருவனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்துகிறது. இதை வகுப்பில் படிக்கும் முஸ்லிம் மாணவன் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. பேராசிரியரோடு விவாதிக்க அவனுக்கு நிறைய இருக்கும்.

கடலுக்கு அப்பால்

ஸ்பானிய மொழி பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் இருப்பது அமெரிக்கக் கண்டங்களில். அங்கே அந்த மொழி போனது படையெடுப்போடு. பழங்குடி மக்களின் நூல்களும் எரிக்கப்பட்டன, மொழிகளும் ஒடுக்கப்பட்டன. ஆனாலும் பராகுவேயில் குவரானி என்ற பழங்குடி மொழி இன்று ஸ்பானிய மொழியோடு சேர்ந்து ஆட்சிமொழியாக வாழ்கிறது. ஒரு மொழி எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்ற இரண்டு பாடமும் இந்தப் படிப்பில் உண்டு.

பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் மெக்சிகோவின் சோர் ஹுவானா இனெஸ் தெ லா க்ரூஸ். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவி, கவிஞர். பெண் படிக்கலாமா என்று சபையார் கண்டித்தபோது, படிக்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று 1691-இல் நீண்ட மறுமொழிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்று பாடப் புத்தகம்.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மக்கள் அங்கே குடியேறினார்கள். உஸ்மானிய அரசின் கடவுச்சீட்டோடு வந்ததால் ஊரார் அவர்களைத் "துருக்கியர்" என்றே அழைத்தார்கள். சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பாலஸ்தீனக் குடியேறிகள் 1920-இல் தொடங்கிய கால்பந்துக் கழகம் இன்றும் முதல்தர ஆட்டக் குழுவாகப் பெயர் பெற்றது. மெக்சிகோவின் தெருவோரங்களில் கம்பியில் சுழலவிட்டுச் சுட்டு விற்கும் இறைச்சி, லெபனான்காரர்கள் கொண்டுபோன ஷவர்மாவின் வழி வந்தது. பதிலுக்கு, நம் பிரியாணிக்குள் விழும் மிளகாயும் தக்காளியும் அந்தக் கண்டத்திலிருந்து உலகுக்கு வந்தவை.

வேலை கிடைக்குமா?

இப்போது வாப்பாமார்களின் கேள்விக்கு வருவோம். நேராகச் சொல்கிறோம். பட்டம் வாங்கியவுடன் வீடு தேடி வேலை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளைகுடா நாட்டு வேலை மட்டுமே இலக்கு என்றால் இந்தப் படிப்பு பெரிதாக உதவாது. சாதாரணக் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலையை இன்று கணினியே செய்துவிடுகிறது. அரைகுறையாகப் படித்தவருக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே போகிறது.

இடம் இருப்பது நன்றாகப் படித்தவருக்கு. மொழித் திறனை ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகளாக அளக்கிறார்கள். நான்காவது படியான பி-2 வரை வந்தால்தான் அலுவலகத்தில் வேலை செய்யும் அளவு மொழி கைக்கு வந்தது என்று கொள்ளலாம். ஐந்தாவது படிக்குப் போனால் போட்டி குறையும். ஸ்பானிய வாடிக்கையாளர்களுக்குப் பணி செய்யும் நிறுவனங்கள், ஏற்றுமதி இறக்குமதி அலுவலகங்கள், சுற்றுலா, பதிப்பகம், வடஇந்திய நகரங்களில் மொழி கற்பிக்கும் பள்ளிகள், தூதரக அலுவலகங்கள், பல்கலைக்கழக ஆசிரியர் பணி ஆகியவை வாசல்கள். யுஜிசி நெட் தேர்வில் ஸ்பானிய மொழியும் ஒரு பாடம். அதில் உதவித்தொகைக்குரிய தகுதியோடு தேறினால் ஆராய்ச்சி உதவித்தொகையோடு மேலே படிக்கலாம்.

இன்னொரு தொழிலோடு சேரும்போது இந்த மொழிக்கு மதிப்பு கூடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிலில் இருக்கும் நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இந்தியத் தோல் பொருட்களை வாங்கும் நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. ஒரு காலத்தில் குர்துபாவின் தோல் உலகப் புகழ் பெற்றது. அந்த ஊரின் பெயரால்தான் ஸ்பானிய மொழியில் உயர்ந்த ஆட்டுத்தோலுக்கு "கொர்தொபான்" என்று பெயர். கணக்கும் தோலின் தரமும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வாங்குபவரின் மொழியும் தெரிந்தால், இடைத்தரகர் இல்லாமல் பேசும் வலிமை வரும்.

எங்கே, எப்படிச் சேருவது?

டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகியவற்றிலும், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியப் படிப்புகள் உள்ளன. இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள். கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. நமக்குப் பக்கம் ஹைதராபாத். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தேர்வை ஏற்கிறது, கடைசித் தேதி என்ன என்பதை அவரவர் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

வெளியூருக்கு அனுப்ப முடியாத குடும்பங்கள் என்ன செய்வது? உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். அல்லது வேறு பட்டம் படித்துக்கொண்டே மொழியைத் தனியாகக் கற்கலாம். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை இருக்கிறது. அது நடத்தும் "தெலே" தேர்வில் தேறினால் கிடைக்கும் சான்றிதழுக்குக் காலவரம்பு இல்லை. "சியெலே" என்ற தேர்வின் சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். பட்டம் ஒன்று, மொழிச் சான்றிதழ் ஒன்று என்று இரண்டும் கையில் இருக்கும்.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். மூன்று மாதம் வீட்டிலிருந்தே தினமும் அரை மணி நேரம் பிள்ளை ஸ்பானிய மொழியைக் கற்கட்டும். இலவசப் பாடங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மூன்றாம் மாதமும் யாரும் சொல்லாமல் தானாக உட்காருகிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். முதல் வாரத்தோடு விட்டுவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அன்பிற்குரியவர்களே, எல்லாப் பிள்ளைகளையும் ஸ்பானிய மொழி படிக்க அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நூறில் ஒரு பிள்ளைக்கு இந்த ஆசை இருக்கும். "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்ற ஒரு கேள்வியால் அந்த ஒரு பிள்ளையின் ஆசை அணைந்துவிடக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள். இது நமக்கு அந்நியமான படிப்பு இல்லை. அந்த மொழியின் சர்க்கரையிலும் எண்ணெயிலும், வாய்க்காலிலும் தலையணையிலும், தரைக்கு அடியில் ஒளித்துவைத்த ஏடுகளிலும் நமக்குத் தெரிந்த எழுத்து இருக்கிறது. அதை வாசிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இந்தக் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளாகவோ மகனாகவோ இருக்கலாம்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.